நன்றாகக் கழுவித் துடைத்துப் பூசவும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். வரலாற்றில் பட்டம் வாங்கியவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். வேறெங்கும் வேலை இல்லை என்பதுதான் பதில். நூலகத்தில் எடுக்கும் நாவல்களின் ஓரத்தில் என் கட்டைவிரல் மெரூன் நிறத்தில் பதிந்திருக்கும். எந்தப் பக்கத்தில் தூங்கினேன் என்பதுவரை நூலகருக்குத் தெரியும்.

முதலில் விரலிடுக்கில் அரிப்பு. பிறகு தோல் உரிந்தது. பிறகு வெடித்தது. ரசம் சோற்றைப் பிசைந்தால் கண்ணில் நீர் வரும். ஸ்பூனுக்கு மாறினேன். பட்டறையில் எனக்குத் ‘தொரை’ என்று பெயர் விழுந்தது.

டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். “கைய நல்லாக் கழுவித் தொடச்சுட்டு, ரெண்டு வேளை பூசுங்க.”

சாயம் சோப்புக்கு அசையாது. பட்டறையில் கழுவுவது என்றால் பிளீச்சிங் பவுடர்தான். ஒரு பிடி அள்ளி, ஈரக் கையில் போட்டுத் தேய்த்தால் தோல் வெளுத்துவிடும். அதுவரை வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கழுவியவன், டாக்டர் சொல்லுக்கு மரியாதை கொடுத்து இரண்டு வேளையும் கழுவினேன். பிறகு களிம்பு.

நான்கு நாள் அடங்கியது. ஐந்தாம் நாள் முன்னைவிட எரிந்தது. “இன்னும் ஸ்ட்ராங்கா குடுங்க” என்று மருந்துக்கடையில் கேட்டேன். கொடுத்தார்கள். ட்யூப் ட்யூபாகப் பிதுக்கியதில் தோல் வெங்காயச் சருகாகிவிட்டது. மூன்றாம் மாதம் மறுபடி டாக்டரிடம் போனேன்.

“கைய எதுல கழுவறீங்க?”

“பிளீச்சிங் பவுடர்லீங்க.”

“எந்த மடையன் சொன்னான்?”

“நீங்கதானுங்க. நல்லாக் கழுவச் சொன்னீங்க.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “க்ளவுஸ் இல்லாம இனி சாயத்துல கை வெச்சீங்கன்னா, இந்தக் கை பேனா புடிக்காது.”

சூப்பர்வைசரிடம் கையுறை கேட்டேன். “க்ளவுஸ் போட்டாத் துணியோட பதம் கைக்குத் தெரியாது கண்ணு. மொதலாளிகிட்டச் சொல்லி ஆயின்மென்ட் வாங்கித் தரச் சொல்றேன்” என்றார்.

சொன்னபடி ஒரு பெட்டி களிம்பு வந்தது. பிளீச்சிங் பவுடர் டின்னுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். பன்னிரண்டு பேரும் தேய்த்தோம், பூசினோம். ஒருவன் சிவப்பாகலாம் என்று முகத்திலும் பூசினான். அந்தப் பெட்டியை நினைத்தால் எனக்கு இன்றும் பல் நறநறக்கிறது. கொதிநீரில் எங்களை இறக்கிவிட்டுக் கரையில் நின்று மருந்து நீட்டிய தர்மவான் அந்த மொதலாளி.

கையுறை இல்லாமலும் இல்லை. ஆபீஸ் பீரோவில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் பையர் வந்த காலையில்தான் தெரிந்தது. ஆளுக்கு ஒரு ஜோடி, ஆரஞ்சு நிறத்தில், முழங்கைவரை. அன்று காலை என் கை எரியவில்லை. துணியின் பதமும், ஆச்சரியம், நன்றாகவே தெரிந்தது. பையர் எங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் சூப்பர்வைசர் காலி வாளியோடு வந்தார். “கழட்டிப் போடுங்க சாமி.” பதினோரு ஜோடி விழுந்தது.

“தொரை கழட்டலீங்களா?”

“இல்லீங்ணா.”

“மொதலாளி கேட்டா நான் என்னன்னு சொல்றது?”

“கழட்டுனாத் தோலும் சேந்து வந்துருமாம்னு சொல்லுங்க.”

“அப்ப நாளைக்கு வர வேண்டாங்க.”

வேலையை விட்டுத் துரத்தும்போதும் அந்த ‘ங்க’ தவறவில்லை.

டவுன் பஸ்ஸில் ஆரஞ்சுக் கையால் கம்பியைப் பிடித்து நின்றேன். “ஏனுங்க, கரன்ட் ஆபீஸுங்களா?” என்றார் கண்டக்டர். ஆமாங்க என்றேன். அந்த வாளியையே பிடுங்கி, பதினோரு பேரிடமும் கையுறையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். இவ்வளவு படித்தவனுக்கு அந்த யோசனை நாலு ஸ்டாப் தாண்டித்தான் வந்தது.