வாப்பா காட்டிய ஆள்

பதுளைக் கடைத்தெருவில் வாப்பாவுக்கு அரிசிக் கடை. கடையோடு சேர்ந்ததுதான் எங்கள் வீடு. பண்டாரவளை ஸ்டேஷனில் இறங்கும் மூட்டைகளை எங்களுக்கு ஏற்றி வந்தவர் ஒரு சிங்கள வண்டிக்காரர். எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் திரும்பிப் போவார்.

சீமையில் யுத்தம் தொடங்கியதும் அரிசி வரத்து குறைந்தது. விலை இன்னும் ஏறட்டும் என்று வாப்பா மூட்டைகளைப் பின்னறையில் வைத்துப் பூட்டினார். ஒரு நாள் வண்டிக்காரர் கடை வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் அரிசி தாங்க முதலாளி. சின்னவளுக்குக் காய்ச்சல். கஞ்சிக்குக்கூட இல்ல."

"அரிசி இல்லையே" என்றார் வாப்பா.

அந்த மூட்டைகளைச் சுமந்து உள்ளே அடுக்கியதே அவர்தான். பின்னறைக் கதவைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். அந்த வாரமே பிள்ளை இறந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர்ப் பௌத்தப் பிரசங்கி ஒருவர் சந்தைப் பக்கம் கூட்டம் போட ஆரம்பித்தார். உங்கள் பசிக்கு இந்த முஸ்லிம் சோனகர்கள்தான் காரணம், இவர்களை விரட்டினால் மதமும் பிழைக்கும், வயிறும் நிறையும் என்றார். முன்பென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பட்டினி கிடந்தவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். எங்கள் பள்ளிவாசலிலும் புதிதாக வந்த ஒருவர், விகாரையின் பெரஹரா ஊர்வல மேளம் இனி இந்தத் தெருவில் கேட்கக் கூடாது, விட்டால் நம் ஈமானே போய்விடும் என்று கொதித்தார். வருஷா வருஷம் அந்த மேளத்தை வாசலில் நின்று ரசித்த வாப்பாவும் தலையாட்டினார்.

பெரஹரா வந்தது. முதல் கல்லை யார் எறிந்தார்களோ தெரியாது. பொழுது சாய்வதற்குள் கடைகள் எரிந்தன. வாப்பா பள்ளிவாசலில் மாட்டிக்கொண்டார். எங்கள் கதவை உடைத்து வந்தவர்களில் வண்டிக்காரர்தான் முன்னால் நின்றார். மூலையில் உம்மாவையும் என்னையும் கண்டதும் அவர் முகம் மாறியது.

"பின்பக்கமா ஓடுங்க மகள்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, மற்றவர்கள் பார்க்காதபடி எங்களை மறைத்து நின்றார். நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரு தமிழ்க் குடும்பம் தங்கள் ஒற்றை அறை லயக் காம்பராவில் எங்களுக்கு இடம் கொடுத்தது.

பட்டாளம் வந்தது. நடந்ததை இங்கிலாந்து ராஜாவுக்கு எதிரான கலகம் என்றது வெள்ளைக்கார அரசாங்கம். பிடிபட்டவர்களை அடையாளம் காட்ட வாப்பாவைக் கூப்பிட்டார்கள். வண்டிக்காரரும் அவர்களில் இருந்தார்.

"அவர்தான் எங்களக் காப்பாத்தினார், வாப்பா" என்றேன்.

"கடைய உடைச்சவனும் அவன்தானே? நீ வாயைத் திறக்காதே."

வாப்பா கையை நீட்டிக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. விசாரணை ஒரே காலையில் முடிந்தது. அவரைச் சுட்டுவிட்டார்கள்.

சில மாதம் கழித்து, அவருடைய மனைவி மொனராகலையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே போகிறாள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். அவர் எங்களைக் காப்பாற்றியதைச் சொன்னேன். சட்டி பானைகளைத் துணியில் கட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத அன்னைக்கு அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

நான் அழுதேன். அவள் அழவில்லை. மிச்சமிருந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.