திருப்பி எறிந்த பந்து

பேஸ்பால் ஆடச் சிகாகோ அணி மில்வாக்கிக்கு வரும் வாரத்தில் பெர்னடெட் யாரையும் நம்புவதில்லை. சொந்த ஊர் மைதானத்தில் பாதிக்கு மேல் சிகாகோவின் நீலச் சட்டைகள்தான். பேருந்து பேருந்தாக வந்து இறங்கிவிடுவார்கள். பெர்னடெட் பீர் ஆலையில் பாட்டில் சோதித்து ஓய்வு பெற்றவள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுபோலத்தான் மனிதர்களையும் பார்ப்பாள்.

இந்த முறை சந்தேகம் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தது. இறந்துபோன கணவனின் இருக்கை அது. அதில் இப்போது வாலஸ். தேவாலயத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் பழக்கமானவர், மனைவியை இழந்தவர், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் ஹாட் டாக்கில் கெட்சப் ஊற்றப் போனால் கையால் மூடிக்கொள்கிறார். கெட்சப்பைக் கண்டு பதறுவது சிகாகோக்காரன் குணம் அல்லவா? நீலச் சட்டைக்காரனோடு குடித்தனம் நடத்துவதைவிட ஒண்டியாகவே காலந்தள்ளிவிடலாம் என்றிருந்தாள் அவள்.

“நீங்க எந்த ஊர்ல பொறந்தீங்க?”

“தெக்கே.”

“தெக்கேன்னா? டெக்சாஸா?”

“அவ்வளவு தெக்கே இல்ல,” என்று வாலஸ் மைதானத்தைப் பார்த்தார்.

ஏழாவது இன்னிங்ஸில் சிகாகோக்காரன் ஒருவன் ஓங்கி அடித்த பந்து வேலியைத் தாண்டி வந்து வாலஸின் கையிலேயே விழுந்தது. வேலி தாண்டி வரும் பந்து பிடித்தவருக்கே சொந்தம். ஆனால் எதிரணி அடித்த பந்தை வைத்துக்கொள்ளக் கூடாது, திருப்பி எறிந்துவிட வேண்டும். அந்த வழக்கமே சிகாகோவில் பிறந்ததுதான். அதைப் பெர்னடெட்டிடம் சொல்லிப் பாருங்கள்!

“எறி! எறி!” என்று உள்ளூர்க் கூட்டம் கத்தியது. “வச்சுக்கோ தாத்தா, விட்டுடாதே!” என்றது நீலக் கூட்டம். பெர்னடெட் வாலஸின் முகத்தையே பார்த்தாள். வாலஸ் இருக்கைக்கு அடியில் இருந்த பையருகே குனிந்தார், நிமிர்ந்தார், வீசினார். பந்து புல்லில் போய் உருண்டது.

“சபாஷ் பெருசு!” என்று பின்வரிசைக்காரன் அவர் முதுகில் தட்டினான். பெர்னடெட்டுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அவர் வீசிய பந்து ஏன் அவ்வளவு பழுப்பாக இருந்தது?

“எதுக்குக் குனிஞ்சீங்க?”

“முதுகு பிடிச்சுக்கிச்சு.”

“முதுகு பிடிச்ச ஆளு அப்படியா வீசுவாரு? பையைக் காட்டுங்க.”

பையில் மட்டை பட்ட தடம் மறையாத புதுப்பந்து இருந்தது. வீட்டிலிருந்து பழைய பந்தைக் கொண்டுவந்து அதை எறிந்திருக்கிறார் மனுஷன்.

“சிகாகோதான்,” என்றார் வாலஸ். “அப்பா காலத்துலேர்ந்து அந்த டீம்தான். ஒரு பந்துகூடக் கெடச்சதில்ல. இதை எறியவும் மனசில்ல, உங்களை விடவும் மனசில்ல. நீங்களே எறிஞ்சிடுங்க.”

அவள் வாங்கிக்கொண்டு எழுந்து நின்றாள். இத்தனை வருடத்தில், கணவன் பந்து பிடிக்கும் கையுறையோடு காத்துக் கிடந்தும், ஒரு பந்துகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. தையலை விரலால் தடவினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். உட்கார்ந்து, பந்தைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

“யார்கிட்டயாவது மூச்சு விட்டீங்க, கல்யாணம் கிடையாது,” என்றாள்.