லோதிகாவை இறக்கிய பிற்பகல்

நம்பாதவர்களை நான் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. கல்கத்தாவில், பட்டப்பகலில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது. எழுத்தாளர் ஹிரண்மய் பாக்சி எத்தனையோ கதைகள் எழுதியவர். இதை மட்டும் எழுதவே இல்லை. பத்திரிகையின் துர்கா பூஜைச் சிறப்பு மலருக்குக் கதை கேட்டபோதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அவருடைய மனைவி லோதிகா இரண்டு மாதமாக டைபாய்டில் கிடந்தாள். வீடு மூன்றாம் மாடியில். படிக்கட்டோ ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஒதுங்க முடியாத குறுகல். டாக்டர் ஏறி வரவே சலித்துக்கொண்டார். அதனால் தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்து, ராம்சூரத் என்ற கூலி மேஸ்திரியையும் அவன் தம்பி போலாவையும் ஹிரண்மய் வரவழைத்தார்.

"புஸ்தகமா பாபு இது, பாறாங்கல்லு! எவன் எழுதுனான் இத்தனையும்?" என்றான் ராம்சூரத்.

"நான்தான்."

"அப்ப நீங்களே ஒரு மூட்டை தூக்குங்க."

சாமான்கள் எல்லாம் லாரியில் ஏறின. கடைசியாக லோதிகா. அவளைக் கை வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கைகளும் உள்ளே இருக்கும்படி சால்வை சுற்றி, பழைய புடவையால் கட்டினார்கள். காலியான அறையை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க... சீக்கிரம் போயிடலாம்."

மேலே அண்ணன், தம்பி. கீழ்ப்பக்கத்தை ஹிரண்மய் யாருக்கும் விடவில்லை. லோதிகா எலும்பும் தோலுமாக இருந்தாள். நாற்காலி பூப்போல இறங்கியது.

முதல் மாடித் திருப்பம் வரைக்கும்.

அங்கே நாற்காலி சிக்கிக்கொண்டது. திடீரென்று கனத்தது. ஹிரண்மயின் முதுகு சுவரில் மோதியது. நாற்காலியின் கால் நெஞ்சில் ஏறி அழுத்தியது. மேலேயும் போக முடியவில்லை. கீழேயும் போக முடியவில்லை.

"பாபு, விட்றாதீங்க!" ராம்சூரத் மேலிருந்து கத்தினான்.

மூச்சு முட்டியது... கை மரத்தது... விட்டால் லோதிகா தலைகுப்புற விழுவாள்.

அப்போது விரல்கள் அவர் நெற்றியைத் துடைத்தன. குளிர்ந்த, ஈரமான விரல்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல லோதி. தைரியமா இரு," என்றார் ஹிரண்மய்.

"நான் ஒண்ணுமே பண்ணலியே..."

நிமிர்ந்து பார்த்தார்.

சால்வை அப்படியே சுற்றியிருந்தது. கட்டு அவிழவில்லை. அவள் கைகள் உள்ளே இருந்தன.

விரல்கள் இன்னும் நெற்றியில் இருந்தன.

மெல்ல... கன்னத்துக்கு வந்தன.

கழுத்துக்கு...

சரக்!

நாற்காலி விடுபட்டது. எப்படி இறங்கினார்கள் என்று அவருக்கு நினைவில்லை.

புது வீட்டில் லோதிகாவைக் கட்டிலில் படுக்கவைத்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. ராம்சூரத் வாசலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றான்.

"ஒரு நோயாளின்னுதான சொன்னீங்க? ரெண்டு பேர்னு சொல்லிருந்தா இன்னொரு ஆளக் கூட்டியாந்திருப்பேன்ல?"

"ரெண்டு பேரா?"

"திருப்பத்துல வந்து அண்ணியோட மடியில உக்காந்தாங்களே, அந்தம்மா! எந்திரிங்கன்னா காதுலயே வாங்கல. லாரியிலயும் அண்ணி பக்கத்துல அவங்கதான். இடமில்லாம நான் தொங்கிக்கிட்டுல்ல வந்தேன்!"

ஹிரண்மய் சட்டென்று திரும்பினார். அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

அகலமான கட்டில். லோதிகா சுவரோடு சுவராக ஒண்டிப் படுத்திருந்தாள்.

யாருக்கோ இடம் விட்டு.