கரி என்று நினைத்துத் தேய்த்த தாச்சி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரைதான் பள்ளிக்கூடம் போனவள். எழுத்துக் கூட்டி ஒரு வரி எழுதி முடிக்கிறதுக்குள் எழுத வந்தது மறந்துபோகும். சொதிக்கு உப்புப் போட்டேனோ என்று யோசித்து யோசித்துத் திரும்பவும் போடுகிற ஆள் நான். ஆகவே முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. வாயால் சொல்லலாமே என்பீர்கள். ஆட்களுக்கு முன்னால் எனக்குக் கதை வராது, வெட்கம். வருகிற பதில் தொண்டைவரை வந்து அங்கேயே குந்திவிடும். அப்படிக் குந்தினவைகளைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என்ரை மகள் கனடாவில். பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மூத்தது பெட்டை. ரெலிபோனில் கதைக்கிற நேரமெல்லாம் "அம்மம்மா, வந்தால் கூழ் காய்ச்சித் தருவீங்களோ" என்று கேட்டபடி. சின்னவன் பெடியன், அவனுக்குப் பாணும் பட்டரும் இருந்தால் போதும். பெட்டை கேட்டுவிட்டாளே என்று நான் ஒடியல் மா இடித்து, அரித்து, போத்தலில் அடைத்து வைத்திருந்தேன். கூழ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவோடு மீன், நண்டு, மரவள்ளி, பயற்றங்காய், செத்தல் மிளகாய், புளி எல்லாம் போட்டுப் பெரிய பானையில் காய்ச்சுவது. வீட்டிலுள்ள எல்லாரும் ஒன்றாக இருந்து பிலாவிலையைக் கோலிக் குடிப்பது. ஒருத்தி தனக்கென்று தனியாகக் கூழ் காய்ச்சிக் குடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என்ரை மனிசன் கண்ணை மூடின பிறகு இந்த வீட்டில் கூழ் காய்ச்சவே இல்லை. ஆகவே அந்தப் போத்தல் மா எனக்கு வெறும் மா இல்லை.

வந்திறங்கின மகள் தேத்தண்ணி குடிக்கவில்லை. கிணற்றடியில் கால் கழுவினாள், நேரே குசினிக்குள் போனாள். சாப்பாட்டுக் கடைக்குள் சுகாதாரப் பரிசோதகர் நுழைவாரே, அப்படி. ஒவ்வொரு சட்டியாகக் கவிழ்த்துப் பார்த்தாள், மணந்து பார்த்தாள், நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கடைசியாக, சில வருசத்துக்கு முன் தானே பெட்டியில் போட்டு அனுப்பின தாச்சியை, பொரிக்கிற சட்டியை, கையில் எடுத்தாள்.

"அம்மா, இதுக்குள்ளை கறுப்பா ஒரு பூச்சு இருந்ததெல்லோ?"

"ஓம் பிள்ளை, இருந்தது."

"இப்ப எங்கை அது?"

"தேய்ச்சு எடுத்திட்டன்."

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஏனென்றால் அது லேசில் போகவில்லை.

இதற்கு மச்சாளைப் பற்றிச் சொல்லவேண்டும். மச்சாள் என்றால் என்ரை மனிசனின் தங்கச்சி, பக்கத்து வளவு. எங்கடை பக்கத்தில் ஒருத்தி எப்படிப்பட்டவள் என்று அறிய அவளோடு கதைக்கத் தேவையில்லை. கிணற்றடியில் காயக் கவிழ்த்திருக்கிற சட்டிகளைப் பார்த்தால் போதும். கரி இருந்தால் அவள் சரியில்லை, பளபளவென்றிருந்தால் நல்ல குடும்பத்துப் பிள்ளை. கனடாத் தாச்சி வந்த புதிதில் மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டா, "மச்சாள், கனடாச் சாமானுக்கு உள்ளாலையும் கரி பிடிக்குமோ? நாங்கள் வெளியாலைதான் கண்டிருக்கிறம்."

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வருமா? தேங்காய்த் தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். அசையவில்லை. செங்கல்லை இடித்துத் தூளாக்கித் தேய்த்தேன். கொஞ்சம் அசைந்தது. சிரட்டைத் துண்டால் சுரண்டினேன். வெளிநாட்டுக் கரி, அதுவும் விசா எடுத்து வந்தது, உடனே போகுமோ? நாள் நாளாகத் தேய்த்து, ஒருநாள் தாச்சி வெள்ளி மாதிரி வந்தது. மச்சாள் பார்த்துவிட்டு, "இப்பதான் தாச்சி எண்டு சொல்லலாம்" என்றா. அவவின் வாயிலிருந்து அப்படி ஒன்று வாங்குகிறது பரிசு வாங்கினது மாதிரி.

மகள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இதிலை பொரிச்சுச் சாப்பிட்டுக்கொண்டு வேறை இருந்தனீங்களோ? அந்தக் கறுப்பெல்லாம் எங்கை போயிருக்கும் எண்டு நினைக்கிறியள்?"

வேலிக்கு அங்காலை மச்சாள் முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டு நின்றவ. இவ்வளவு நேரமும் காது இங்கேதான். இந்தக் கேள்வி வந்ததும் முருங்கைக்காயில் அவவுக்கு எவ்வளவு கவனம் வந்தது பாருங்கோ.

மகள் கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். விழுங்கின துண்டுகள் பெரும்பாலும் வெளியால் போய்விடுமாம். ஆனால் அந்தப் பூச்சுச் சட்டியை வெறுமனே கடும் சூட்டில் வைத்தால் வருகிற புகை கூடாதாம். நான் வைக்கிறது காய்ந்த பனங்கொட்டை ஊமல் நெருப்பு. அதைக் கூட்டவும் குறைக்கவும் திருகி இல்லை. அவள் அனுப்பின பெட்டியில் ஒரு வெள்ளைக்காரி சிரித்தபடி முட்டை பொரிக்கிற படம் இருந்தது. தும்பால் தேய்க்காதே என்று அந்தப் பெண்ணாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் இங்கிலீசில்தானே சொல்லியிருப்பாள்.

அடுத்தது அலுமினியப் பானை. கூழ் காய்ச்சுகிற பெரிய பானை அதுதான். மகள் உள்ளே விரலை ஓட்டிக் காட்டினாள்.

"பாருங்கோ, பொட்டுப் பொட்டா அரிச்சுக் கிடக்கு. புளி பட்டுப் பட்டுக் கரைஞ்சு சாப்பாட்டுக்குள்ளைதான் போயிருக்கு. எந்தப் பழைய எஞ்சினை உருக்கி வார்த்தாங்களோ, அதுக்குள்ளை வேறை என்னென்ன கிடக்கோ."

சண்டைக்கு இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே இருந்த காலத்தில் சைக்கிள் காண்டிலில் தொங்கிக்கொண்டு வந்தது அந்தப் பானை. அதில் காய்ச்சின கஞ்சியைக் குடித்துத்தான் இவள் வளர்ந்தாள். மேலே இருந்து விழுகிறதுக்கு நாங்கள் பயந்தோமே ஒழிய, பானையில் இருந்து என்ன கரைகிறது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. இதைச் சொல்ல நினைத்தேன். தொண்டைவரை வந்தது.

"பிள்ளையளுக்கு இதுகளிலை சமைச்சது குடுக்கேலாது அம்மா. குறை நினைக்காதேங்கோ" என்றாள். குரலைத் தணித்துத்தான் சொன்னாள். நான் குறை நினைக்கவில்லை. மா போத்தலை எடுத்துச் சுவர்த் தட்டில் பின்னுக்குத் தள்ளிவைத்தேன்.

அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பேக்கரியிலிருந்து பணிஸ் வந்தது, கடையிலிருந்து கொத்துரொட்டி வந்தது. பேக்கரிக்காரன் எந்தத் தட்டில் சுடுகிறான், கொத்துக்காரன் எந்தத் தகட்டில் கொத்துகிறான் என்று ஒருவரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை. நஞ்சு என்ரை குசினியில்தான் குடியிருந்தது.

பெட்டை மட்டும் ஒருநாள் என்னட்டை வந்து காதுக்குள் கேட்டது, "அம்மம்மா, கூழ் இல்லையோ?"

"கொம்மாவைக் கேள்" என்றேன்.

கேட்டிருக்க வேண்டும். அடுத்தநாள் மகள் என்னையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் நெல்லியடிக் கடைத்தெருவுக்கு வெளிக்கிட்டாள். நல்ல சட்டியாக ஒன்று வாங்கி அதில் கூழ் காய்ச்சலாம் என்றாள். எனக்குச் சந்தோசம். அதை வெளியில் காட்டாமல் தும்மல் மாதிரி அடக்கிக்கொண்டேன்.

முதல் கடையில் முதலாளி எதைக் காட்டினாலும் "இது நல்ல சாமான் தங்கச்சி" என்றார். கல்லுப் பூச்சுத் தாச்சி என்று ஒன்று எடுத்து வைத்தார், புள்ளி புள்ளியாக.

"இது கல்லோ?" என்று மகள் கேட்டாள்.

"கல்லு மாதிரித் தங்கச்சி."

"மாதிரி எண்டால்? உள்ளுக்கு என்ன பூச்சு?"

"நல்ல பூச்சு."

மகள் அதை அவரிடமே திருப்பி வைத்தாள். எனக்கென்றால் சிரட்டைத் துண்டின் ஞாபகம் வந்தது.

பிறகு மண்சட்டி விற்கிற இடத்துக்குப் போனோம். மண் என்றால் மண்தானே, அதில் என்ன நஞ்சு என்று இரண்டு பேரும் ஒத்துப்போனோம். தாயும் மகளும் ஒத்துப்போன ஒரே இடம் அது. மங்கலான சட்டிகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. மற்றப் பக்கம் செக்கச் செவேலென்று மினுங்குகிற சட்டிகள். அவளுடைய கை மினுங்குகிறதுக்குத்தான் போனது. என்ரை கையும் அதற்குத்தான் போனது, பொய் சொல்லக்கூடாது. பளபளப்புக்கு மயங்குகிற ஆளென்று தாச்சியிலேயே தெரிந்துவிட்டதே.

"அம்மா, எவ்வளவு வடிவாக் கிடக்கு. இயற்கை."

இயற்கையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

புதுச் சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றக்கூடாது. ஒருநாள் தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்க வேண்டும். ஊறவிட்ட தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. மண்ணின் நிறம் என்றாள் மகள். ஓம் என்றேன் நானும். கஞ்சித் தண்ணீர் கொதிக்கத் தொடங்கின உடனே குசினி முழுக்க ஒரு மணம் எழும்பினது. சைக்கிள் கடையில் மட்காட்டுக்கு அடிப்பார்களே, அந்த மணம். கஞ்சி இரத்தச் சிவப்பு.

மச்சாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து வாசலில் நின்றா.

"என்ன பிள்ளை, கூழ் காய்ச்சப் போறியளோ, கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கப் போறியளோ?"

மகளுக்கு முகம் சட்டியைவிடச் சிவந்தது. சட்டியைத் தூக்கி வெளியில் வைத்துவிட்டு, "அம்மா, இதை ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ" என்றாள். நான் சொல்லவில்லை. எழுதுகிறேன்.

மச்சாளுக்கு அன்றைக்கு உசார் வந்துவிட்டது. தன்ரை கலியாணத்துக்கு வந்த பித்தளைப் பானையைத் தருகிறேன் என்றா. "எங்கடை வீட்டிலை மூண்டு தலைமுறை அதிலை சமைச்சது. ஆரும் செத்துப் போகேல்லை."

மகள் விடவில்லை. "மாமி, நீங்கள் அதுக்குள்ளை புளி கரைக்க விடுவியளோ?"

"புளியோ? பச்சைக் களிம்பெல்லோ பிடிக்கும். தொடவும் விடமாட்டன்."

"கூழுக்குப் புளி விடாமல் காய்ச்சுவமோ?"

மச்சாள் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினா. பிறகு, "அங்கை படிக்கப் போனதுக்கு நல்லாத்தான் கேள்வி கேக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் பானையை நினைத்தபடி திரும்பிப் போனா.

பிள்ளைகள் திரும்பிப் போகிற நாள் கிட்டிவிட்டது. பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். மகள் தனியாகப் பட்டணத்துக்குப் போய் எவர்சில்வர் பானை ஒன்று கொண்டுவந்தாள். பூச்சு இல்லை, பெயின்ற் இல்லை, அடி தடிப்பு. கீழே ஒரு நம்பர் அடித்திருந்தது, அந்த நம்பர்தான் முக்கியமாம். ஆனால் பெரிதாகக் கிடைக்கவில்லை. எங்கள் எல்லாருக்கும் குடிக்க மட்டுமட்டாகக் காணும். எவர்சில்வரில் கூழ் காய்ச்சினால் மா அடியில் பிடிக்கும், விறகைத் தணித்துக் கை எடுக்காமல் துழாவ வேண்டும் என்றேன். அவ்வளவையும் நான் வாய் திறந்து சொன்னேன், எனக்கே ஆச்சரியம்.

"நான் துழாவுறன், நீங்கள் போடுங்கோ" என்றாள்.

மீனும் நண்டும் காலையிலேயே வாங்கியாயிற்று. தட்டில் பின்னுக்குக் கிடந்த போத்தலை எடுத்துத் திறந்தேன். மா பழுதாகவில்லை. நான் ஒவ்வொன்றாகப் போட, அவள் பலகைக்கட்டையில் குந்தியிருந்து அகப்பையை விடாமல் துழாவினாள். புகையில் கண் கலங்கினது, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள், ஆனால் எழும்பவில்லை. இவள் சின்னனில் குசினிப் பக்கம் வரமாட்டாள், படிப்பு படிப்பு என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது நஞ்சுக்குப் பயந்து என்ரை அடுப்படியில் அரைநாள் இருந்தாள். இப்படி இருப்பாளென்றால் எல்லாச் சட்டியும் நஞ்சாய் இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. கெட்ட நினைப்புத்தான்.

அவ்வளவு துழாவியும் அடியில் கொஞ்சம் பிடித்துவிட்டது. மச்சாள் முதல் வாய் குடித்துவிட்டு, "அடிப்பிடிச்ச மணம் நஞ்சில் சேராதோ பிள்ளை?" என்றா. மகள் சிரித்துவிட்டு அவவின் இலைக்கு இன்னும் ஒரு அகப்பை ஊற்றினாள்.

சின்னவன் ஒரு வாய் குடித்துவிட்டு உறைப்பு என்று பாணுக்கு ஓடினான். பெட்டை இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. இலையை நீட்டினது, குடித்தது, மூக்கால் தண்ணி ஓட ஓடத் திரும்பவும் நீட்டினது. என்ரை பங்கை அதன் இலைக்கு ஊற்றினேன். எனக்கு அன்று பசிக்கவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். இப்போது மகள் ரெலிபோன் எடுத்தால் "என்ன சமைச்சனீங்கள்" என்று கேட்கிறதில்லை. "எதிலை சமைச்சனீங்கள்" என்றுதான் கேட்கிறாள். மீன்குழம்பு மங்கல் மண்சட்டியில் என்று சொல்கிறேன், அது உண்மை. பிறகு போய் அதில்தான் ஒன்று வாங்கினேன். அலுமினியப் பானையில் இப்போது தண்ணீர் மட்டும் நிற்கிறது. அந்தப் பொட்டுகளை நானும் முந்தியே கண்டுதானிருந்தேன், அதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை, வெட்கம். கனடாத் தாச்சி அடுப்புச் சாம்பல் அள்ளுகிறது. எவர்சில்வர் பானையைப் பெட்டை வேறு ஒன்றுக்கும் எடுக்கவேண்டாம், தான் வரும்வரை கூழுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனது. அதனால் அதை அடிக்கரி போகத் தேய்த்து, கீழே இருந்த நம்பரும் மங்கிப்போக, கழுவி, சாக்கில் சுற்றித் தட்டில் வைத்திருக்கிறேன். என்ரை குசினியில் ஒரு நஞ்சும் இல்லாத ஏனம் அதுதான். அதில்தான் நான் சமைக்கிறதில்லை. புது மா இடித்துப் போத்தலில் அடைத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

படித்தவர்கள் ஆராவது இதை ஒருமுறை சரிபார்த்துத் தாருங்கோ. பானையின் அடியில் இருக்க வேண்டிய நம்பர் எது, பூச்சுத் தாச்சியின் புகையைப் பற்றி நான் விளங்கிக்கொண்டது சரியோ, சிவப்புச் சட்டிக்கு அடிக்கிறது என்ன பெயின்ற் என்று எனக்கு வடிவாகத் தெரியாது. நான் எழுதினதை நம்பி ஒருத்தி நல்ல சட்டியை எறிந்துவிடக் கூடாது, கூடாததில் சமைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் கூடாது. அந்த நம்பர் தெரிந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கோ. பெட்டை அடுத்தமுறை வரும்போது சின்னவனும் குடிக்கப் பழகிவிட்டால் இந்தப் பானை காணாது, பெரிதாக இன்னொன்று வாங்க வேண்டும்.