குதிகால் தேயாதவர்கள்

லோயிஸ் செபிச்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் கென்யாவின் மலைமேட்டில் இருக்கும் இட்டென் ஊரில் யாரும் முதலில் சொல்வது, அவள் கோபக்காரி என்பதுதான். அவளுடைய அடக்கத்துக்கு வந்தவர்கள்கூடக் களியையும் கீரையையும் சாப்பிட்டுக்கொண்டே அதைத்தான் சொன்னார்கள். பொய் இல்லை. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அவளுடைய வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடுத்த விரலின் எலும்பிலிருந்து வந்தது.

பதினாறு வயதுவரை அவளுக்குக் காலணி கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. கல்லும் செம்மண்ணுமான சரிவில் வெறுங்காலோடு ஓடுகிற யாரும் குதிகாலை முதலில் ஊன்ற மாட்டார்கள். ஊன்றினால் வலி முதுகுத்தண்டு வரை ஏறும். விரல்களுக்குப் பின்னால் இருக்கும் சதைமேடு முதலில் தரையைத் தொட வேண்டும். குதிகால் அதற்குப் பிறகு வந்து தொட்டும் தொடாமலும் போகும். லோயிஸின் ஓட்டமும் அதுதான், அந்த மேட்டில் ஓடும் மற்றவர்களின் ஓட்டமும் அதுதான். அதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

ஆகவே அவர்களுடைய ஷூக்கள் முன்பக்கம்தான் சாகும். சுண்டுவிரலுக்கு அடியில் ரப்பர் கரையும், உள்ளே மெத்தை அமுங்கித் தட்டையாகும், குதிகால் மட்டும் வாங்கிய அன்று இருந்தது போலவே இருக்கும். லோயிஸ் தங்கியிருந்த ஓட்டப் பயிற்சி முகாமின் சுவரோரம் பெண்கள் கழற்றி வைத்த ஷூக்களைப் பின்னால் நின்று பார்த்தால் எல்லாம் புத்தம் புதியவை. திருப்பிப் பார்த்தால் பிணங்கள்.

அந்த முகாமுக்கு ஷூ கொடுத்துக்கொண்டிருந்த ஐரோப்பியக் கம்பெனிக்கு ஒரு விதி இருந்தது. புது ஜோடி வேண்டுமென்றால் பழைய ஜோடியின் குதிகாலைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். குதிகால் ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிந்தால் புதியது வரும். தெரியாவிட்டால், இன்னும் நன்றாக இருக்கிறது, தொடர்ந்து ஓடுங்கள் என்று பதில் வரும். தங்கள் நாட்டில் குதிகால் ஊன்றி ஓடுகிறவர்களைப் பார்த்து யாரோ மேஜையில் உட்கார்ந்து எழுதிய விதி. முதல் வருடம் முழுக்க முகாமிலிருந்து படங்கள் போயின. தொடர்ந்து ஓடுங்கள் என்ற பதிலும் தவறாமல் வந்தது. அந்த வருடம்தான் லோயிஸின் விரலெலும்பில் விரிசல் விட்டது. பன்னிரண்டு வாரம் கட்டிலில் உட்கார்ந்து, மற்றவர்கள் விடியலில் ஓடிப்போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பெரிய பெயரெடுத்தவள் அல்ல. ஏழு வருடமாக மாரத்தான்களில் மற்றவர்களுக்கு வேகம் பிடித்துக் கொடுக்கிற வேலை. முப்பது கிலோமீட்டர்வரை முன்னால் ஓடி, காற்றைத் தன் நெஞ்சில் வாங்கி, பிறகு சாலையோரம் ஒதுங்கிவிட வேண்டும். அவளுக்குப் பின்னால் வந்தவள் கோப்பை வாங்குவதை யாரோ கொடுத்த போர்வையைச் சுற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். முப்பத்தோரு வயதில், முதல் முறையாக, ஒரு நகரத்திலிருந்து அவள் பெயருக்கே அழைப்பு வந்தது. ஒதுங்க வேண்டாம், கடைசிவரை ஓடுங்கள் என்று. போட்டிக்குப் பதினான்கு வாரம் இருந்தது. அந்த எலும்பு பதினான்கு வாரப் பயிற்சியையும் அதற்குப்பின் நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் தாங்கினால் போதும். வேறெதையும் அவள் கேட்கவில்லை.

முகாமின் கோச் கிமோசொப் அந்தச் சமயத்தில்தான் தன் யோசனையைச் சொன்னார். குதிகால் தேய்ந்தால்தானே புது ஷூ? தேய்த்துவிடுவோம். தச்சனிடமிருந்து நாலு அரம் வாங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருபது பேர் முற்றத்தில் உட்கார்ந்து, புளித்த பாலைக் குடித்துக்கொண்டு, தங்கள் ஷூக்களின் குதிகாலை அராவினார்கள். ஒரே சிரிப்பு. லோயிஸின் அறைத்தோழி மில்கா எழுந்து, குதிகாலை டொக் டொக்கென்று ஊன்றி, வயிற்றை முன்தள்ளி, ஊருக்கு வரும் வெள்ளைக்காரர்கள் போல முற்றத்தைச் சுற்றி ஓடிக் காட்டினாள். லோயிஸும் சிரித்தாள், அராவினாள். அதைப் பிற்பாடு அவள் மறைத்ததில்லை.

படங்கள் போயின. மூன்றே வாரத்தில் பெட்டிகள் வந்தன. கூடவே ஒரு கடிதம். உங்கள் வீரர்கள் குதிகாலில் மிகவும் பலமாக இறங்குகிறார்கள் என்று தெரிகிறது, ஆகவே அதற்கென்றே செய்த மாதிரியை அனுப்புகிறோம் என்று கம்பெனி எழுதியிருந்தது. பின்னால் மூன்று விரல் தடிமன் மெத்தை. முன்னால், அவர்கள் உண்மையில் இறங்கும் இடத்தில், சப்பாத்தி போல மெல்லிய ஒரு தகடு.

லோயிஸ் அதைப் போட்டு ஓடிய முதல் நாளே, அவள் கால் தரைக்கு வருமுன் ஷூவின் தடித்த குதிகால் தரைக்கு வந்துவிட்டது. இருட்டில் தெரியாத படியில் கால் இடித்தது போல ஒவ்வொரு எட்டிலும் ஒரு திடுக்கிடல். எட்டாம் நாள் பழைய எலும்பு பேசத் தொடங்கியது. வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, எங்கே வலி தொடங்குகிறது என்று தேடினாள். போன வருடம் எங்கே தொடங்கியதோ அங்கேதான்.

கிமோசொப்பிடம் போனாள். உண்மையை எழுதுங்கள் என்றாள். எங்களுக்கு முன்பக்கம் மெத்தையும் கெட்டியான ரப்பரும் வேண்டும், குதிகாலை அராவியது நாங்கள்தான் என்று எழுதுங்கள்.

கிமோசொப் ஒரு காலத்தில் நன்றாக ஓடியவர். இப்போது முகாமின் வாசல் பலகையிலும் பிக்கப் வண்டியின் கதவிலும் கம்பெனியின் பெயர் இருந்தது. அவர் பல்குச்சியை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார்.

“இந்தா பாரு லோயிஸ், பொய் சொன்னோம்னு நம்மளே எழுதிக் குடுத்தா அடுத்த மாசம் பெட்டி வராது. இருபது பேரும் வெறுங்கால்ல ஓடுறதா?”

“வெறுங்கால்ல ஓடுனப்ப எனக்கு எலும்பு உடையல கோச்.”

“எல்லாரும் போட்டுக்கிட்டுதான ஓடுறாங்க. உனக்கு மட்டும் என்ன? கொஞ்சம் காலை மாத்திப் போட்டுப் பழகு. குதிகாலை ஊனு.”

அவள் திரும்பி நடந்தாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. ஷூவுக்காகக் காலை மாற்றச் சொல்கிறான். இவன் அம்மாவும் இதே சரிவில் இதே காலில்தான் தண்ணீர் சுமந்திருப்பாள். வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால் அறியாமை என்று விட்டிருப்பாள். தெரிந்தவன் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் களியை அவள் பிசைந்த பிசையலைப் பார்த்து மில்கா தட்டோடு சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் கம்பெனியின் ஆள் வந்தார். யெல்மர் என்று பெயர், நெட்டையான, மரியாதையான மனிதர். எல்லோரையும் புது ஷூக்களோடு வரிசையாக நிறுத்திப் படமெடுத்துக்கொண்டார். குதிகால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். கிமோசொப் பிரமாதம் என்றார். வரிசையும் தலையாட்டியது.

லோயிஸ் சமையலறைக்குள் போய் விறகு வெட்டும் அரிவாளை எடுத்து வந்தாள். தன் பழைய ஷூ ஒன்றை வெட்டுக்கட்டையில் வைத்து, முன்பக்கத்தில் குறுக்கே ஒரு போடு, பின்பக்கத்தில் ஒரு போடு. யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். துண்டுகளை யெல்மரிடம் கொடுத்தாள். குதிகால் துண்டில் மெத்தை புதுரொட்டி போல் உப்பி நின்றது. முன் துண்டில் அது நசுங்கி, கறுத்து, விரல் நகம்கூட இறங்காத கட்டியாகியிருந்தது. நாங்கள் இதில் இறங்குகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதில் அல்ல. அதை அரத்தால் தேய்த்தோம்.



யெல்மர் கோபப்படவில்லை. துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவற்றையும் படமெடுத்தார், மிகவும் பயனுள்ள தகவல் என்றார். அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். புதிய மாதிரி ஒன்று செய்ய ஒன்றரை வருடம் ஆகுமாம். அதுவரை நான் வேறு ஷூ போடலாமா என்று லோயிஸ் கேட்டாள். அதற்கு ஒப்பந்தம் இடம் தராது, முகாமில் இருப்பவர்கள் கம்பெனி ஷூவைத்தான் அணிய வேண்டும் என்று மிகவும் வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தம் உண்மையானது. அதுதான் அவளை மேலும் கொதிக்க வைத்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை பாயையும் பெட்டியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு முகாமை விட்டு இறங்கினாள். மில்கா வாசல்வரை வந்தாள்.

“அக்கா, கோபம் தணிஞ்சதும் வந்துரு.”

“தணியாது. நீயும் உன் கால அழுத்திப் பாத்துக்க.”

சந்தைநாளன்று நியாவிராவின் கடைக்குப் போனாள். கடை என்றால் பஸ் நிறுத்தத்தின் பின்னால் ஒரு தார்ப்பாய், அதன்மேல் ஐரோப்பாவிலிருந்து மூட்டையில் வந்த பழைய ஷூக்களின் மலை. நியாவிரா பருத்த பெண். ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமலே மலையின் எந்த மூலையில் எது இருக்கிறது என்று சொல்லுவாள்.

“ஏ தங்கச்சி, கேம்ப்புல ராணி மாதிரி பெட்டி பிரிச்சவ இங்க எங்க?”

“சும்மா இரு அக்கா. முன்பக்கம் உயிரோட இருக்கறதா ஒண்ணு காட்டு.”

“எல்லாமே உயிரோடதான் இருக்கும். அவங்க முன்பக்கத்த உபயோகிக்கறதே இல்லையே.”

அது உண்மை. குதிகாலில் இறங்குகிறவர்கள் பின்பக்கம் தேய்ந்ததும் தூக்கிப் போட்ட ஷூக்கள் அவை. குதிகால் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும்; முன்னால் ரப்பரின் வரிகள்கூட அழிந்திருக்காது. அந்த நாட்டில் செத்தது இந்த மேட்டில் பாதிக்குமேல் ஆயுள் உள்ளது. லோயிஸ் ஒரு மணி நேரம் குந்தி உட்கார்ந்து தேடினாள். உள்ளே கையை விட்டு, சதைமேடு உட்காரும் இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கினாள்; அமுங்கி உடனே எழுந்தால் ஒரு பக்கம் வைத்தாள், எழச் சோம்பினால் எறிந்தாள். சுண்டுவிரலுக்கு அடியில் ரப்பர் முழுதாக இருக்கிறதா, ரப்பர் ஒட்டாமல் வெறும் மெத்தையாகவே விட்டிருக்கிறார்களா என்று பார்த்தாள். வெறும் மெத்தை செம்மண் கல்லில் ஒரு மாதம் தாங்காது. வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் வளைகிறதா, நடுவில் ஒடிகிறதா. குதிகாலுக்கும் முன்பக்கத்துக்கும் உயர வித்தியாசம் குறைவாக இருக்கிறதா. கடைசியில் யாரோ ஒரு கனத்த ஆண் போட்டிருந்த சாம்பல்நிற ஜோடி ஒன்று மிஞ்சியது. வலது குதிகால் சப்பட்டை. முன்பக்கம் குழந்தை. அரை அளவு பெரிது. இரண்டு காலுறை போட்டால் சரியாகும்.

முதல் வாரம் பயந்து பயந்து ஓடினாள். மூன்றாம் வாரம் எலும்பு வாயை மூடியது. தனியாகத்தான் ஓட வேண்டியிருந்தது. அவளோடு கூட ஓடினால் மற்றவர்களுக்கும் சிக்கல் என்று முகாமில் சொல்லி வைத்திருந்தார்கள். எதிரே குழுவாக வருகிறவர்கள் அவளைக் கண்டால் பள்ளத்தாக்கின் அழகைப் பார்த்தபடி போனார்கள். மில்கா மட்டும் யாருக்கும் தெரியாமல் இடுப்புக்குக் கீழே கையை ஆட்டுவாள்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டத்தின் நடுவில், கிமோசொப்பின் பிக்கப் அவளோடு சேர்ந்து ஊர்ந்தது. கிமோசொப் கண்ணாடியை இறக்கினார்.

“திரும்பி வா. போட்டிக்கு முன்னாடி ஒரு போட்டோவுக்கு மட்டும் நம்ம ஷூவைப் போடு. அப்புறம் எதை வேணா போட்டு ஓடு. நான் பாத்துக்கறேன்.”

“எனக்கு எலும்பு உடைஞ்சப்ப என்னத்தப் பாத்தீங்க?”

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. புழுதியில் இருமியபடி ஓடினாள். அடுத்த ஏற்றத்தில் வண்டி பின்தங்கியது.

அந்த நகரத்தில் அவள் கடைசிவரை ஓடி ஆறாவதாக வந்தாள். இரண்டு நகங்கள் கழன்றன. எலும்பு தாங்கியது.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கிமோசொப் எழுந்து நின்று, நம் முகாம் பெற்றெடுத்த மகளுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்வோம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். லோயிஸ் தன் பெஞ்சிலிருந்து எழுந்தாள். கைதட்டல் நிற்கும்வரை நின்றாள்.

“நான் கேம்ப்புல இருந்து ஓடப் போகல. கேம்ப்ப விட்டு வெளிய வந்ததாலதான் ஓட முடிஞ்சது. அங்க இருக்கற புள்ளைங்க கால இன்னைக்கே ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. மில்கா நொண்டறா. நீங்க எல்லாரும்தான் பாக்கறீங்க.”

உட்கார்ந்தாள். முகாம் பெண்களின் தலைகள் எல்லாம் குனிந்திருந்தன. பாஸ்டர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.