குட்டைக் காலுக்கு ஒரு சைக்கிள்

நான் கேட் செய்கிறவன். மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டு வாசலில் இரும்பு கேட் நின்றால், பெரும்பாலும் அது என் கை வேலையாகத்தான் இருக்கும். கேட் கோணினால் யாரும் சாகமாட்டார்கள். நாலு திட்டு திட்டுவார்கள், வாங்கிக்கொண்டு நிமிர்த்திக் கொடுத்துவிடலாம். அதனால் நிம்மதியாகப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அதில் மண்ணள்ளிப் போட்டவள் என் சம்சாரம்.

அவளுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை. அவள் அடுப்புப் பற்றவைக்கிற நேரத்துக்கும் பஸ் வருகிற நேரத்துக்கும் என்றைக்குமே ஆகாது. என் மொபெட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் கேட்கமாட்டாள், நடந்துதான் போவாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் மட்டும் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. கடையில் விற்கிற சைக்கிள் எதுவும் அவளுக்குச் சேராது, பெடல் கீழே போனால் கால் அந்தரத்தில் தொங்கும்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கேட்டு செஞ்சு குடுக்கறீங்க. என் காலுக்குத் தக்கன ஒரு சைக்கிள் செய்யமாட்டீங்களா?"

"அதுக்கென்ன கண்ணு, செஞ்சுட்டாப் போச்சு" என்று சொல்லித் தொலைத்தேன். வாய் நிறையச் சோறு, யோசிக்க எங்கே நேரம்?

முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிப் போய்ப் பழைய இரும்புக் கடையில் ஒரு செத்த சைக்கிளை வாங்கி, பெடல் சுற்றுகிற குழாயையும் ஹேண்டில் நுழைகிற குழாயையும் மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் புதுப் பைப். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. கேட்டுக்கு வைக்கிற மாதிரி வெல்டிங் ராடை வைத்தால் மெல்லிசுப் பைப்பில் பொத்தல் விழுகிறது. கொஞ்சம் அவசரமாக எடுத்தால் மேலே பளபளவென்று பிடித்த மாதிரி இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. ஒவ்வொரு இணைப்பையும் சுத்தியலால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். தட்டத் தட்டச் சந்தேகம்தான் கூடியது. முன் ஃபோர்க்கை இரண்டு தடவை அறுத்தெறிந்துவிட்டு மறுபடி வைத்தேன். அது இறக்கத்தில் உடைந்தால் அவள் முகம் நேராக ரோட்டில்தான் போய் மோதும். அந்த நினைப்பு வந்துவிட்டால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

ஃபிரேமைத் தாழ வைத்தேன். வலது பெடல்மேல் வேப்பங்கட்டை ஒன்றைச் செதுக்கி போல்ட் போட்டேன். சக்கரத்துக்குப் போக்ஸ் கம்பி கோத்துக் கோட்டம் எடுப்பதற்குள் என் பிராணன் போய்விட்டது. ஒரு பக்கம் நிமிர்த்தினால் இன்னொரு பக்கம் வளைகிறது, சனியன். கடைசியில் கேரியரில் குச்சிக்கிழங்கு மூட்டையைக் கட்டி, முழங்கால் ஹேண்டிலில் இடிக்க இடிக்க நானே இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. இறங்கி மறுபடி எல்லா இணைப்பையும் தட்டினேன்.

"சைக்கிளுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் போறீங்களா, இப்பிடித் தடவித் தடவிப் பாக்கறீங்க" என்று சிரித்தாள் அவள். எங்கள் ஊர் மைதானத்தில் ஓட்டிப் பழகியும் முடித்துவிட்டாள். இனி ரோட்டில் விடாமல் இருக்க என்னிடம் காரணம் இல்லை.

முதல் நாள் கோயில் வரைக்கும் கூடவே நடந்து போனேன். "இதுக்கு மேல பொறகால வந்தீங்கன்னா நான் வண்டியே எடுக்கமாட்டேன்" என்றாள். அங்கேயே நின்றேன். எங்கள் ஊரில் கோயில் எல்லைக்குள் செருப்புக் காலோடு போகக் கூடாது. வண்டியில் போகிறவர்களும் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, வண்டியைத் தள்ளித்தான் போக வேண்டும். அவளும் பக்கத்துக்கு ஒன்றாகச் செருப்பை மாட்டித் தள்ளிக்கொண்டு போனாள். எல்லை முடிகிற இடத்திலேயே இறக்கம் ஆரம்பம். நேரமாகிவிட்டதே, கீழே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாளோ என்னவோ, வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சைக்கிள் வேகம் எடுத்தது. வளைவுக்கு முன்னால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை. "பிரேக்கப் புடி புள்ள" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பிடிக்கிறாள், கை இறுகுகிறது, வண்டி நிற்கவில்லை. என் வெல்டிங்தான் விட்டுவிட்டது, நானே அவளைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வளைவுக்குச் சற்று முன்னால் ஹேண்டிலைச் சட்டென்று திருப்பிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் விட்டுவிட்டாள். செடியெல்லாம் முறிந்து, மண்ணில் விழுந்து கிடந்தாள்.

போய்ப் பார்த்தால் முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது. "பிரேக்கு அமுங்கவே இல்லீங்க" என்றாள். பார்த்தேன். கேபிள் சரி, பிரேக் கட்டை சரி, ஒரு இணைப்பிலும் கீறல் இல்லை. இரண்டு பக்கமும் செருப்பு நழுவி, பிரேக் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே சொருகிக் கிடந்தது. இத்தனை நாள் தட்டிப் பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை. நானும் மொபெட்டில் அப்படித்தான் மாட்டிக்கொண்டு போகிறேன்.

பயமெல்லாம் எனக்குக் கோபமாக வந்தது. "போதும். இன்னிக்கே இத அறுத்துப் போடறேன். நீ நடந்தே போ."

அவள் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "பதினொண்ணாவது படிக்கறப்ப கவர்மெண்ட்டுல எனக்கும் ஒரு சைக்கிள் குடுத்தாங்க. எங்கப்பன் அத வாங்கித் தம்பி கையில குடுத்துட்டாரு. நீ உழுந்துருவ சாமி, பாசத்துலதான் சொல்றேன்னாரு. நீங்களும் பாசத்துலதான் சொல்றீங்க."

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. அவள் முன்சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் பிடித்துத் திரும்பியிருந்த ஹேண்டிலைத் தானே நேராக்கினாள். செருப்பைக் காலில் போட்டுக்கொண்டாள். ரோட்டுக்கு ஏற்றி, வலது காலைக் கட்டைமேல் வைத்தாள்.

"போய்ச் சேந்ததும் போன் போடு" என்றேன்.

"சோறு வடிச்சுட்டுப் போடறேன்" என்று போய்விட்டாள்.

இன்றைக்கும் அவள் கிளம்பிப் போகிற நேரம் வந்தால் எனக்கு வேலை ஓடுவதில்லை. அவள் போன் வரும் வரைக்கும் என் வெல்டிங் கடை வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பேன். பயம் போகவில்லை. அதை அவளிடம் சொல்வதுமில்லை. யாராவது ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டால், கரண்ட் இல்லை என்பேன்.