கானாவுக்குப் போகும் வலது கை

கானாவுக்குப் போகிறவர்களுக்கான அறிவுரைகளைக் கிடைத்த இடத்திலெல்லாம் தேடி வாசித்தேன். என் கணவர் அங்கே ஒரு தங்கச் சுரங்கத்தில் பொறியியலாளர். நானும் நான்கு வயது மகளும் சிட்னியிலிருந்து அவரிடம் போய்வருவதாக ஏற்பாடு. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மலேரியா மாத்திரையைப் புறப்படுமுன்பே தொடங்கவேண்டும். குழாய்த் தண்ணீரில் பல்கூடத் துலக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று மறுபடியும் வாசிப்பேன்.

ஒருநாள் பின்னேரம் குசினியில் சத்தமாக வாசித்தது பிழையாகிவிட்டது. மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சிட்னியின் டூங்கபிப் பகுதியில் எங்களோடு இருக்கிறார். நான் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்ப்பவர் அவர்தான்.

"அங்கே இடது கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்."

மச்சாளின் கத்தி நின்றது. "திருப்பி வாசியும்."

வாசித்தேன்.

"பாத்தீரே? ஆபிரிக்காக்காரருக்கும் தெரியுது. ஒஸ்ரேலியாவில பிறந்த எங்கட மகாராணிக்குத்தான் தெரியேல்லை."

மகாராணி மேசையில் இடது கையால் மீன் வரைந்துகொண்டிருந்தாள். வலது கை வேலையாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு இடது கையால் கொடுக்கலாம் என்று அடுத்த வரியில் இருந்தது. அதையும் வாசித்தேன். மச்சாள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்.

மறுநாள் வேலையால் வந்தபோது பிள்ளையின் இடது கையில் ஒரு காலுறை. மணிக்கட்டில் தலைநாடாவால் கட்டியிருந்தது. அந்தக் கை நீளும்போதெல்லாம் அதன்மேல் அகப்பைக் காம்பு விழுந்தது.

"அடிக்கிறீங்களே மச்சாள்?"

"ஆர் அடிச்சது? தட்டினனான். நீர் வளர்க்கிற வடிவுக்கு நான் தட்டவேண்டிக் கிடக்கு."

அவிழ்த்தேன். அடுத்த நாளும் கட்டியிருந்தது. அதையும் அவிழ்த்தேன். சண்டை பிடித்தால் பிள்ளையை யாரிடம் விடுவது என்று யோசித்தேன். அங்கே பெரியவர் ஒருவருக்கு இவள் இடது கையை நீட்டி, அவர் முகம் சுளித்தால் அதுவும் என் வளர்ப்பின் பிழைதானே என்றும் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் பிள்ளை மீன் வரைவதை விட்டுவிட்டாள். வலது கையில் கோடுகள் நடுங்கின. பென்சில் பெட்டியைத் தானே கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

கணவரிடம் வீடியோவில் சொன்னேன்.

"எனக்கும் அக்கா கட்டினவதானே. நான் என்ன, செத்தா போனன்?" என்று சிரித்தார். "இஞ்ச வந்து ஆக்களுக்கு முன்னால என்ர மானத்தை வாங்காமல் இருந்தால் சரி."

அப்பாவைக் கண்டதும் பிள்ளை காலுறைக் கையைத் தூக்கினாள். மச்சாளைப் பார்த்தாள். அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு மற்றக் கையை ஆட்டினாள்.

"குட் கேர்ள்," என்றார் அப்பா.

ஊசி போடப் போன அன்று மச்சாளும் கூட வந்தார். காலுறையைக் காரிலேயே கழற்றிவிட்டேன். எந்தக் கையில் போடலாம் என்று தாதி பிள்ளையிடமே கேட்டார். அவள் உடனே இடது கையை நீட்டினாள்.

"திஸ் வன். வீ டோன்ட் நீட் இட்."

தாதிக்குச் சிரிப்பு. மச்சாளுக்குப் பெருமை. "என்ன கெட்டிக்காரி, பாத்தீரே!"

"வலது கையில் போடுங்கள்," என்று தாதியிடம் சொன்னேன்.

"விசரே உமக்கு? கை நொந்தால் பிறகு எந்தக் கையால சாப்பிடுறது?"

"அதுக்குத்தான் மச்சாள்."

வலது கையைப் பிடித்துக்கொடுத்தது நான்தான். பிள்ளை வீரிட்டாள். ஊசியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். நல்ல கை என்று எல்லோரும் சொன்ன கையை அம்மாவே நோகவைத்தால் அவள் என்ன நினைப்பாள்? அதை நான் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. எல்லாவற்றையும் யோசிக்கிறவள் நான்.

காரில் பிஸ்கட் ஒன்றை எடுத்து நீட்டினேன். "எந்தக் கையாலயும் வாங்கலாம் குஞ்சு," என்றேன்.

இரண்டு கைகளும் அவள் மடியில் அப்படியே கிடந்தன. வாயை மட்டும் திறந்தாள்.